மாடிப்படிக்குக் கீழே ஒரு ராஜாங்கம்

ஜமீன்தாரைக் கொன்றது யார் என்று தெரியாமல் புகழேந்திக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

பதறாதீர்கள். நிஜ ஜமீன்தார் இல்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த, அட்டை போன ஒரு துப்பறியும் நாவல். முப்பத்தொன்பதாம் பக்கத்தில் ஜமீன்தார் காபியைக் குடித்துவிட்டு அப்படியே மேஜையில் தலை சாய்கிறார். பங்களாவில் அப்போது ஏழு பேர். ஏழு பேர் மேலும் சந்தேகம். புகழேந்தி எச்சில் தொட்டு நாற்பதாம் பக்கத்தைப் புரட்டப் போகும் நேரம் பார்த்துத்தான் வீட்டில் கொத்தமல்லி தீரும்.

"என்னங்க, ஒரு கட்டு கொத்தமல்லி."

வாங்கி வந்து உட்கார்ந்தால் ஏழு பேரில் யார் யாருக்கு என்ன உறவு என்பது மறந்திருக்கும். மறுபடி முப்பதிலிருந்து ஆரம்பிப்பார். ஜமீன்தார் மறுபடி சாவார். "என்னங்க, மோட்டார் போடுங்க." அடுத்த நாள் இன்னொரு தரம் சாவார். "என்னங்க, கேஸ்காரன் வந்துட்டான்." அந்த மாதத்தில் ஜமீன்தார் செத்த தடவைக்கு எமனே சலித்துப் போயிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புகழேந்தி போனில் ஒரு வீடியோ பார்த்தார். யாரோ ஒரு பெண் வீட்டு மூலையில் மெத்தை, விளக்கு, திரை எல்லாம் வைத்து, உள்ளே பூனை மாதிரி சுருண்டு படித்துக்கொண்டிருந்தாள். கைச்செலவு ரொம்பக் கம்மி என்று வேறு சொன்னாள். புகழேந்தி எழுந்தார். பேனாவோடு காலண்டர் பக்கம் ஒரு நடை போய் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மணி! இந்த வீட்ல எனக்குன்னு ஒரு படிக்கிற மூலை வேணும்!"

அடுப்படியிலிருந்து மணிமொழி எட்டிப் பார்த்தாள். "எங்க?"

"மாடிப்படிக்குக் கீழ."

மாடிப்படிக்குக் கீழே இருப்பது சாதாரண இடம் இல்லை. திருவண்ணாமலையில் வீடு எடுத்தவன் வீடா எடுத்தான், சத்திரம் எடுத்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வரும் சொந்தக்காரர்களுக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூலை உண்டு. பாய், மெத்தை, தலகாணி, போர்வை, அண்டா, எவர்சில்வர் தட்டு எல்லாம் அங்கேதான் கிடக்கும். புகழேந்தி கண் வைத்தது அந்த மூலை மேல்.

இதைக் கேட்டால் மணிமொழி ஆடித் தீர்த்திருக்க வேண்டும். கரண்டி பறந்திருக்க வேண்டும். அவளோ சுவரில் மாட்டிய காலண்டரை ஒரு தரம் பார்த்தாள். புருஷனை ஒரு தரம் பார்த்தாள்.

"சரிங்க," என்றாள்.

புகழேந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். மகள் கவிநிலா வேலூரில் காலேஜ் படிக்கிறாள். இத்தனை காலத்தில் இவள் வாயிலிருந்து 'சரிங்க' வந்தால் பின்னாலேயே 'ஆனா' வரும். அந்த 'ஆனா'வுக்காக அவர் காத்து நின்றார். வரவில்லை. அவள் உள்ளே போய்ப் பூண்டு உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஏன் ஒத்துக்கொண்டாள்? ஜமீன்தார் கேஸோடு இதுவும் சேர்ந்துகொண்டது. மனுஷனுக்கு மண்டை காய்ந்தது.

பக்கத்து வீட்டு ஆட்டோ டிரைவர் தருமனிடம் போய்க் கேட்டார்.

"ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல தருமா. இன்னாவா இருக்கும்?"

"சார், எங்க வீட்ல சரின்னு சொன்னா நான் மொதல்ல பீரோவைத் தொறந்து பாப்பேன். துணிமணி இருக்குதா, அம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டாளான்னு."

"எல்லாம் இருக்குது. பாத்துட்டேன்."

"அப்ப இன்னும் டேஞ்சர் சார்."

பயத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். ஆசிரமத்துப் பக்கம் வெயில் ஏறினால் வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். கிளம்பும்போது நாற்காலி, விளக்கு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே ஒரு அம்மாவிடம் பிரம்பு நாற்காலி ஒன்றும் காகிதக் குடை போட்ட விளக்கு ஒன்றும் வாங்கி, தருமன் ஆட்டோவில் ஏற்றி வந்தார்கள். நாற்காலி மாடிப்படிக்குக் கீழே நுழையவில்லை. நான்கு காலையும் ரம்பத்தால் அறுத்தார்கள். நுழைந்தது. புகழேந்தி உட்கார்ந்தார். ஒரு பக்கம் சாய்ந்தார். சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தை அறுத்தார்கள். இந்தப் பக்கம் சாய்ந்தார். அறுத்து அறுத்துக் கடைசியில் நாற்காலி முறமாகிவிட்டது.

"விடுங்க சார்," என்றான் தருமன், "அரிசி பொடைக்கலாம்."

அப்போதுதான் மணிமொழி வந்தாள். இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். பௌர்ணமி மெத்தைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். மேலே ஜமக்காளத்தை விரித்தாள். சுவர் ஓரம் தலகாணிகளைச் சாத்தினாள். மாம்பழ நிறத்தில் இருந்த தன் பழைய புடவையைக் கிழித்துத் திரை தைத்துக் கொடுத்தாள். பழக்கடைப் பெட்டியைக் கவிழ்த்துப் புத்தக அலமாரி ஆக்கினாள். பைசா செலவில்லை. புகழேந்தி மெத்தையில் உட்கார்ந்து பார்த்தார். ஆஹா! மகாராஜா சிம்மாசனம்.

"மணி, முதுகுக்கு இன்னும் ஒரு தலகாணி வேணுமா?"

"நடுவுல ஒண்ணு வைங்க. எனக்கு, அதாவது உங்களுக்கு, இடுப்பு வலி இருக்குதுல்ல."

இதைக் கேட்டும் அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. பெருமை பிடிபடாமல் இருந்தார்.

ஏனென்றால் அவர் மனசுக்குள் ஒரு உள்வேலை ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பௌர்ணமி சனிக்கிழமை வருகிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அவருடைய அக்கா ராணியம்மாள் வேன் நிறைய ஆள் கட்டிக்கொண்டு வருவாள். தண்ணீர் கேன் தூக்கணும், பால் வாங்கணும், இலை வாங்கணும், பந்தி பரிமாறணும். இத்தனைக்கும் அவர் பக்கத்துச் சொந்தம். அன்றைக்குத் திரையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டால்? யாரும் கூப்பிட முடியாதபடி ஒரு சட்டம் போட்டுவிட்டால்? ஜமீன்தார் கேஸும் முடியும், இடுப்பும் பிழைக்கும். எல்லாம் மணிமொழி தலையில்.

அன்று சாயங்காலம் மனைவியை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். சாட்சிக்குத் தருமனையும் கூப்பிட்டார். எதிரே மலை நின்றது. இந்த ஊரில் மலையைப் பார்த்துச் சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"மணி, அந்தத் திரைக்குப் பின்னால புத்தகத்தத் தொறந்து வச்சுக்கிட்டு இருந்தா, கூப்பிடக் கூடாது. சத்தியம் பண்ணு."

"நீங்க இருந்தா மட்டுமா?"

தருமன் வேறு பார்த்துக்கொண்டிருந்தான். சுயநலம் என்று நினைத்துவிட்டால்? புகழேந்தி நெஞ்சை நிமிர்த்தினார்.

"யாரா இருந்தாலும்! படிப்புக்கு முன்னால எல்லாரும் சமம்."

"பால் பொங்குச்சுன்னா?"

"பொங்கட்டும்."

"விருந்தாளி வந்துட்டா?"

புகழேந்திக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எப்படிப் பேச்சை எடுப்பது என்று ஒரு வாரமாகத் தவித்த இடத்துக்கு அவளே தானாக வந்து நிற்கிறாளே!

"விருந்தாளி வந்தாலும்தான்! வெளிய இருக்கறவங்கதான் எல்லாத்தையும் பாத்துக்கணும்."

"அப்ப சரிங்க. ரெண்டு பேருமே பண்ணிடலாம்."

இருவரும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தருமன் எதற்கும் இருக்கட்டும் என்று தானும் போட்டுக்கொண்டான்.

"எப்பங்க தெறப்பு விழா?" என்றாள் மணிமொழி. "நாளைக்கு அஷ்டமி. பேசாம பௌர்ணமி அன்னிக்கு வச்சுக்கலாம். நல்ல நாளாப் போச்சு."

அவளே சொல்கிறாள்! பௌர்ணமி அன்றைக்கு! அவளே! புகழேந்தி சிரிப்பை அடக்க மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் படி இறங்கும்போது அந்தப் பழைய கேள்வி மறுபடி குடைந்தது. இவ்வளவு நல்லவளாக இவள் எப்போது ஆனாள்?

சனிக்கிழமை வந்தது. புகழேந்தி ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். அரை நாள்தான் வேலை. ஊரெல்லாம் பஸ், வேன், கூட்டம். அதில் புகுந்து புறப்பட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். வரும் வழியில் ஏழு பேரில் யார் என்று தருமனோடு ஒரு விவாதம் வேறு.

"டாக்டர்தான் தருமா. முழியே சரியில்ல."

"யாரா இருந்தாலும் இருக்கட்டும். டிரைவர் மேல மட்டும் பழி போடாதீங்க சார். டிரைவருங்க நல்லவங்க."

"சமையல்காரன் ஒருத்தன் வரான். காபிய வச்சுட்டுப் போறான். அதோட சரி, ஆளே காணோம்."

"அவன விடுங்க. அவனுக்கு வேலை செய்யவே நேரம் இருந்திருக்காது. எங்க கொல பண்றது?"

வீட்டுக்குள் நுழைந்தார். செருப்பைக் கழற்றினார். சட்டையைக் கழற்றினார். மாடிப்படிப் பக்கம் போய் ஆசையாகத் திரையை விலக்கினார்.

உள்ளே மணிமொழி இருந்தாள்.

கால் நீட்டி, இடுப்புக்குத் தலகாணி கொடுத்து, காகிதக் குடை விளக்கைப் போட்டுக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் பிளாஸ்க், ஒரு கிண்ணம் வேர்க்கடலை. மடியில் ஜமீன்தார். நாற்பதாம் பக்கம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

"மணி..."

அவள் நிமிரவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கி மலை இருக்கும் திசையைக் காட்டினாள். திரை மூடிக்கொண்டது.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"டேய் புகழு! இன்னாடா மரம் மாதிரி நிக்கற? பசங்களுக்குத் தாகமா இருக்குது, தண்ணி குடு!" ராணியம்மாள் இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் கீழ்பென்னாத்தூரே இறங்கிக்கொண்டிருந்தது. "மணிமொழி எங்கடா?"

"படிக்கிறாக்கா."

"இன்னாது?"

"படிக்கிறா. கூப்பிடக் கூடாது."

"யார் சொன்னது?"

புகழேந்தி வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் வாசலிலிருந்து தருமன் சொல்லிவிட்டான். "சார்தாம்மா சொன்னாரு. மலையப் பாத்து சத்தியம். நான்தான் சாட்சி."

ராணியம்மாள் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். இப்போது திட்டு விழும், அந்தச் சாக்கில் திரையைக் கிழித்து மணிமொழியை வெளியே இழுத்துவிடுவாள் என்று புகழேந்திக்கு ஒரு நப்பாசை. அக்காவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"பொண்டாட்டி படிக்கணும்னு எடம் கட்டிக் குடுத்தியாடா? எங்க வீட்டுக்காரருக்கு இந்த புத்தி இல்லையே!" என்று தம்பியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "சரி, மாவு இருக்குதா? எல்லாரும் இட்லிதான் கேக்கறாங்க. சட்னிக்குத் தேங்கா துருவு."

அப்புறம் நடந்ததை எழுதப் பேனாவுக்கே பாவமாக இருக்கிறது. புகழேந்தி தேங்காய் துருவினார், விரலையும் சேர்த்துத் துருவினார். பால் வைத்தார், சட்டப்படி அது பொங்கியது. இட்லி ஊற்றினார். முதல் ஈடு முறுக்கு மாதிரி வந்தது, இரண்டாவது ஈடு கூழ் மாதிரி வந்தது. மூன்றாவது ஈடுதான் இட்லி. தண்ணீர் கேன் தூக்கினார். கொத்தமல்லி தீர்ந்துபோனது, அவரே அவரை அனுப்பி வாங்கி வந்தார். திரையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே பக்கம் புரளும் சத்தம் கேட்கும். நின்று காது கொடுப்பார். "ஐயையோ!" என்று ஒரு தரம் உள்ளே குரல். என்ன ஐயையோ? யாருக்கு ஐயையோ? கேட்கவும் முடியாது, சத்தியம். "டேய் புகழு, சட்னி!" என்று இந்தப் பக்கம் அக்கா.

பொழுது சாய்ந்தது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் மலை சுற்றக் கிளம்பி வாசலுக்குப் போனார்கள். அப்போதுதான் திரை விலகியது. மணிமொழி வெளியே வந்து சோம்பல் முறித்தாள். புத்தகத்தை மூடி, பழப்பெட்டி மேல் பதவிசாக வைத்தாள்.

"நானும் அண்ணி கூட மலை சுத்திட்டு வந்துடறேங்க. இனிமே உங்கள யாரும் கூப்பிட மாட்டாங்க. நிம்மதியா உட்கார்ந்து படிங்க."

புகழேந்திக்கு உயிர் வந்தது.

"பாத்திரத்தத் தேய்ச்சுட்டு," என்றாள். "அப்புறம் அந்த மெத்தைய எல்லாம் பிரிச்சு ஹால்ல போட்டுடுங்க. வந்ததும் எல்லாரும் படுக்கணும்ல."

சிம்மாசனமும் போச்சு. கையில் கரண்டியோடு நின்ற புகழேந்தி பரிதாபமாகக் கேட்டார்.

"மணி, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. அன்னிக்கு ஏன் உடனே சரின்ன?"

"எடம் வேணும்னு கேக்கறதுக்கு முன்னாலயே காலண்டர்ல பௌர்ணமிய வட்டம் போட்டு வச்சிருந்தீங்க. நம்ம கல்யாண நாளுக்குக் கூட நீங்க வட்டம் போட்டது இல்லையே. இன்னாடா இதுன்னு யோசிச்சேன்."

அவள் செருப்பை மாட்டினாள். இரண்டு எட்டு வைத்தவள் திரும்பினாள்.

"அந்த ஜமீன்தாரக் கொன்னது..."

"வேணாம் மணி! சொல்லாத! உனக்குப் புண்ணியமாப் போவுது!"

"சமையல்காரன்தாங்க. பாவம், அந்த வீட்ல ஒருத்தரும் அவன ஒரு நாள் கூட உட்கார விடல."