சுவரோரம் வந்த பெண்ணும் உங்கள் பொருளடக்கமும்

பத்திரிகை ஆசிரியராகிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் என் மகளும் சண்டை போடுவதானாலும் சாப்பிட்டுவிட்டுப் போடவும்.

புதுப் பொருளடக்கம் பார்த்தேன். ரொம்ப அழகு. பக்கம் பூரா மேகம், அது மேல வெளிர்சாம்பல்ல எழுத்து. என்ன எழுதியிருக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இவ்வளவு சிரத்தையா அச்சடிச்சதை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. விஷயம் என்னன்னா, உங்க அத்தைக்குக் கண் மங்கினதுலேர்ந்து நான்தான் தினம் வாசிச்சுக் காட்டுறேன். நான் அஞ்சாவதோட நின்னவன், எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால முதல்ல பொருளடக்கம் வாசிப்பேன். அவ, கதையா கட்டுரையா, யார் எழுதினது, எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம்னு கேட்டு, மனசுலயே கழிச்சுப் பாத்து, "ஒம்போது பக்கமா? உங்களுக்கு மூச்சு வாங்கும். நாலு பக்கத்துல ஏதாவது பாருங்க"ம்பா. மத்ததெல்லாம் நாங்க எடுத்துக் குடுக்கிறதுதான் அவளுக்கு. அவளா தேர்ந்தெடுக்கிறது இது ஒண்ணுதான் மாப்பிள்ளை. அதைப் போய் மேகத்துல மறைச்சுட்டீங்க.

இப்ப தலைப்பு மட்டும்தான் இருக்கு, அதுவும் ஒத்தை வார்த்தை. பக்க எண் நாப்பத்திரெண்டுக்கு அப்புறம் ஏழு. 'ஈரம்'னு வாசிச்சேன். காதல் கதையா இருக்கும், அதையே வாசிங்கன்னா. உள்ள போய்ப் பாத்தா, சுவத்துல ஓதம் ஏறாம தடுக்கிறது எப்படின்னு கட்டுரை. பதினோரு பக்கம். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "அந்தப் பொண்ணு எப்ப வருவா?"ன்னா. தப்பாத் தேர்ந்தெடுத்துட்டோமேன்னு அவ முகம் சுண்டுறதைப் பாக்க எனக்கு மனசு வரல. சிமெண்டுக் கலவைக்கும் வடிகால் குழாய்க்கும் நடுவுல ஒரு பொண்ணைக் கொண்டுவந்து நிறுத்திட்டேன். அவ பின்னாலயே பூச்சு வேலைக்காரன் ஒருத்தன் வந்துட்டான். மூணு நாளாச்சு; கட்டுரை முடிஞ்சுபோச்சு, கல்யாணம் முடியல. பொண்ணோட அப்பா சம்மதிக்க மாட்டேங்கிறாரு, எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது: தலைப்புக்குக் கீழே உள்ளே என்ன இருக்கிறதென்று ஒரு வரி, கதையா கட்டுரையா, எழுதியவர் பெயர், பக்க எண் கறுப்பாக, பெரிதாக, வரிசையாக. மேகத்தை அட்டையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அத்தையின் ஆசியும் என் கேலியும் உங்கள் இருவருக்கும் குறைவின்றிக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்தவன்

பி.கு.: என்ன எழுதினீங்கன்னு அத்தை கேட்டா. கடிதத்தை அப்படியே வாசிச்சேன், கோவிப்பான்னு பயந்துகிட்டே. "அந்தப் பொண்ணு வந்த அன்னிக்கே தெரியும். அந்தப் பூச்சு வேலைக்காரன் உங்கள மாதிரியே பேசினான்"னா. பின்ன ஏன் சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா நிறுத்திடுவீங்க"ன்னா. அதனால, தயவுபண்ணிப் பொருளடக்கத்துல கை வைக்காதீங்க மாப்பிள்ளை. இன்னைக்கு அவ கேட்டது 'சுழற்சி'. டயர் பராமரிப்பு பத்தின கட்டுரை. ரெண்டாம் பத்தியிலயே பஸ்ஸுல ஒரு டீச்சர் ஏறியாச்சு.