வெறும் வயிற்றில் வாசித்தவன்

இந்த முறை தோற்பதில்லை என்று பல் தேய்த்துக்கொண்டே சபதம் எடுத்தேன். எடுத்த வேகத்தில் பற்பசை கண்ணாடியெல்லாம் தெறித்தது.

"யோவ் எவேலியோ, உள்ள யார்கூட சண்டை போடுறே?" என்று என் மனைவி டிக்னா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"யார்கூடயும் இல்லடி. வாய் கொப்பளிக்கிறேன்."

"கொப்பளிக்கிறதுக்கா 'இந்தத் தடவை விடமாட்டேன்'னு கத்தினே?"

இது என் தொழில் கொடுத்த வியாதி. எனக்கு மனசுக்குள் நினைக்கத் தெரியாது. நினைத்தால் சத்தமாகத்தான் நினைப்பேன். எங்கள் ஊர் சுருட்டுப் பட்டறையில் நான் வாசிப்பாளன். பட்டறை நிறைய ஆட்கள் பலகை முன் உட்கார்ந்து புகையிலையைச் சுருட்டுவார்கள். நான் மேடையில் மைக் முன் உட்கார்ந்து அவர்களுக்குக் காலையில் செய்தித்தாளும் பிறகு புத்தகமும் வாசிப்பேன். கியூபாவில் சுருட்டு பிறக்கும்போதே கதை கேட்டுக்கொண்டுதான் பிறக்கும். பட்டறையில் நான் பேசுவேன், அத்தனை பேரும் கேட்பார்கள். வீட்டில் டிக்னா பேசுவாள், அத்தனை பேர் கேட்க வேண்டியதையும் நான் ஒருவனே கேட்பேன்.

ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்தது எது என்பதைக் கேட்கிறவர்கள்தான் முடிவு செய்வார்கள். வீட்டில் படித்து ரசித்ததை ஆளுக்கொன்று சிபாரிசு செய்வார்கள். சண்டை சச்சரவெல்லாம் முடிந்து கடைசியில் மூன்று நிற்கும். மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் நான் வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் இலை வெட்டும் கத்தியால் பலகையில் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். அதிகத் தட்டல் வாங்கிய புத்தகம் ஜெயிக்கும். வாசிப்பாளனுக்கு ஓட்டும் கிடையாது, சிபாரிசு செய்யும் உரிமையும் கிடையாது. நான் வெறும் வாய்.

டிக்னா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சுருட்டுகிறாள். அவள் சிபாரிசு செய்து தோற்ற புத்தகம் இன்றுவரை இல்லை. போன முறை ஒரு காதல் கதை. கதாநாயகி நாலு பேரைக் கல்யாணம் செய்துவிட்டு முதல் ஆளிடமே திரும்பி வந்தாள். வழியெல்லாம் அவள் அழுத அழுகையை நான்தான் மைக்கில் அழ வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் கோழி வளர்ப்பு. கோழிக்கு வருகிற நோயெல்லாம் மாசக் கணக்கில் வாசித்து, எனக்கே இறகு உதிர்கிற மாதிரி இருந்தது.

இந்த முறை மட்டும் நான் ஏன் விடமாட்டேன்? காரணத்தை உங்களிடம் சொல்கிறேன், வெளியே விடாதீர்கள். நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். பெயர் 'துறைமுகத்தில் ஒரு பல்'. துப்பறியும் கதை. தலைமுடி கறுப்பாக இருந்தபோது ஆரம்பித்தது. தட்டச்சு செய்து, பைண்டு பண்ணி, அட்டையில் வில்ஃப்ரெட் ஸ்டோன்பி என்று ஓர் ஆங்கிலேயரின் பெயரைப் போட்டேன். எவேலியோ எழுதினான் என்றால் யார் மதிப்பார்கள்? ஸ்டோன்பி எழுதினார் என்றால் மரியாதை தானாக வரும். கத்திகள் எல்லாம் தட்டி ஓய்ந்த பிறகு மெல்ல எழுந்து, "அந்த ஆங்கிலேயன் நான்தான்" என்று சொல்ல வேண்டும். ஆயுசில் எனக்கு வேறு ஆசை இல்லை.

நான் சிபாரிசு செய்ய முடியாது அல்லவா? முதல் வரிசை ரிகோபெர்த்தோவைப் பிடித்தேன். பட்டறையிலேயே என் பேச்சை நம்புகிற ஒரே மனுஷன், காது கொஞ்சம் மந்தம். அவன் சிபாரிசில் என் நாவல் கடைசி மூன்றுக்குள் வந்துவிட்டது. இரண்டாவது, சுருட்டைத் தரம் பார்க்கிற நிவால்தோ சிபாரிசு செய்த ஓவியப் புத்தகம். மூன்றாவது, டிக்னாவினுடையது. சமையல் புத்தகம்.

"சமையல் புஸ்தகத்தை யாராவது மைக்ல வாசிப்பாங்களாடி?" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"கோழிக்கு வயித்துப்போக்கு வந்தா என்ன செய்யணும்னு வாசிச்சியே. அதே கோழியை வறுக்கிறது எப்படின்னு வாசிக்க மாட்டியா?"

"அதெல்லாம் இலக்கியமா?"

"எங்க அத்தை காலத்துப் புஸ்தகம், திறந்து பாரு. முதல் வரியே, 'பன்னிரண்டு முட்டைகளை எடுத்துக்கொள்ளவும்'. இதைவிடப் பெரிய கற்பனை எந்தக் கதையில இருக்கு?"

"அந்த இங்கிலீஷ்காரர் கதையில திகில் இருக்கு, மர்மம் இருக்கு..."

"எந்த இங்கிலீஷ்காரர்?"

"ஸ்டோன்பின்னு ஒருத்தராம். ரிகோபெர்த்தோ சொன்னான்."

"ஓஹோ. நல்லா எழுதுவாரா?"

"பிரமாதமா எழுதுவாராம்."

"பொண்டாட்டி புள்ளையைக் கவனிப்பாராமா?"

நான் பேச்சை மாற்றினேன். "ஏற்கெனவே ஜனங்க அரை வயித்தோட உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி பன்னிக்கறி வாசிக்கிறது பாவம் டிக்னா."

"பசியில இருக்கிறவனுக்குத்தான் அது புரியும். வயிறு ரொம்பினவன் வாசிச்சா அது வெறும் அளவுக் கணக்கு."

இதைச் சொல்லிவிட்டுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பித்தான் கழன்றிருக்கிறதோ என்று நான் இழுத்து விட்டுக்கொண்டேன்.

என் திட்டம் தயாராக இருந்தது. எந்தப் பக்கத்தை வாசிப்பது, எந்தக் குரலில் வாசிப்பது, எந்த வரிசையில் வாசிப்பது என்பதெல்லாம் என் இஷ்டம். முதலில் ஓவியம். நடுவில் எல்லாரும் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் என் நாவல், முழுத் தொண்டையில். கடைசியில், சாப்பாட்டு மணிக்கு முன்னால், எல்லாரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது சமையல். அதிலும் 'பாத்திரம் துலக்கும் முறை' என்று ஓர் அத்தியாயத்தைக் கண்டுபிடித்து அடையாளம் வைத்துக்கொண்டேன். அதை மழை அறிவிப்பு மாதிரி வாசித்தால் தட்டுகிற கத்தி எது என்று பார்த்துவிடலாம்.

முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடுப்பு ஆறிக் கிடந்தது.

"கேஸ் தீந்துபோச்சு" என்றாள் டிக்னா.

"சரி, ரொட்டி?"

"ரேஷன்ல இன்னிக்கு ரொட்டி வரலே."

"வேற ஒண்ணுமே இல்லியா?"

"வாழைக்காய் இருக்கு. பச்சையாவே கடிக்கிறியா?"

எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் ஊரில் கேஸ் தீர்ந்தது, ரொட்டி வரவில்லை என்றால் சந்தேகப்படுகிறவன் பைத்தியக்காரன். இரண்டும் ஒரே நாளில் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போது பக்கத்து வீட்டு ஒப்துலியாவின் ஜன்னலிலிருந்து ஒரு வாசனை வந்தது. பூண்டு, வெங்காயம், குடைமிளகாய், மூன்றும் எண்ணெயில் வதங்குகிற வாசனை. கொஞ்ச நேரம் கழித்து அதில் சீரகமும் சேர்ந்தது. அதற்கப்புறம் கறி.

"அவ வீட்டுல என்னடி விசேஷம்?"

"தம்பி வர்றானாம்."

"போய் ஒரு கிண்ணம் கேளேன்."

"மானம் வேணாமாய்யா? நீ வாசிப்பாளர். ஊர்ல உனக்குன்னு ஒரு பேரு இருக்கு. அவளுக்கு உப்பு வேணுமாம், கொடுத்துட்டு வந்துடறேன்."

உப்பு கொடுக்கப் போனவள் இருட்டும்வரை வரவில்லை. வந்தபோது வியர்த்திருந்தாள். அவள் மேலெல்லாம் பூண்டு மணந்தது.

"என்னடி, உன்மேல வாசம் வருது?"

"கட்டிப்பிடிச்சுட்டு வந்தேன். ஒட்டிக்கிச்சு."

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டில் சூடாக்கி வந்ததாக ஒரு மடக்குக் காபி மட்டும் கொடுத்தாள். வெறும் வயிற்றில் அந்தக் காபி இறங்கி, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பசியை எழுப்பி உட்கார வைத்தது. வழியில் வறுத்த மாவுருண்டை விற்கிற வண்டி நின்றது. பர்ஸ் டிக்னாவிடம். "நேரமாச்சு, நட" என்றாள். நடந்தேன். வாழ்க்கையின் பெரிய நாளில் சோற்றைப் பற்றி நினைக்கிறவன் எழுத்தாளனே அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழக்கம்போல் சத்தமாகத்தான்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல."

பட்டறையில் செய்தித்தாள் முடிந்தது. ஓவியப் புத்தகத்தைப் பிரித்தேன். "இந்தப் படத்தின் இடது மூலையில் நாம் காண்பது போல..."

"காணலியே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"படத்தைக் காட்டுங்க வாசிப்பாளரே!"

தூக்கிக் காட்டினேன். ஆற்றில் குளிக்கும் ஒரு பெண். ஓவியர் ஆடையில் நிறையச் சிக்கனம் பிடித்திருந்தார். சுருட்டிக்கொண்டிருந்த அத்தனை கையும் நின்றது. கடைசி வரிசைக்காரர்கள் படம் தெரியவில்லை என்று எழுந்து மேடைக்கே நடந்து வந்துவிட்டார்கள். மேஸ்திரி கத்தினார். ஓவியத்தை வாசித்தால் புரியவில்லை, காட்டினால் வேலை நடக்கவில்லை. நிவால்தோவின் கத்தி மட்டும் ஓரத்தில் தனியாகத் தட்டியது. பாவமாக இருந்தது. ஆனால் ஓர் எதிரி ஒழிந்தான்.

நெஞ்சை நிமிர்த்தி 'துறைமுகத்தில் ஒரு பல்'லை எடுத்தேன். வயிறு கடகடவென்றது, மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. இடி என்று சமாளித்துக்கொண்டு தொடங்கினேன். "பனி மூடிய துறைமுகத்தில் அந்தப் பிணம் மிதந்தபோது, அதன் வாயில் ஒரு பல் குறைந்தது..."

"பல் டாக்டர்தானே கொன்னவரு?" என்றாள் இரண்டாவது வரிசையில் இருந்த ஒப்துலியா.

நான் புத்தகத்தைக் கீழே இறக்கினேன். "உனக்கெப்படித் தெரியும்? இது புதுப் புஸ்தகம். இங்கிலீஷ்காரர் எழுதினது!"

"எந்த இங்கிலீஷ்காரரு? நீ எழுதறப்பல்லாம் சத்தமா வாசிச்சுக்கிட்டேதானே எழுதினே? எங்க தெரு முழுக்க ஜன்னல்ல கேட்டோம். அந்தப் பல்லுக்குள்ள வைரம் வர்ற இடம் நல்லாத்தான் இருந்தது. அதுக்கப்புறம் தூங்கிட்டோம்."

பட்டறை சிரித்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் இந்தப் பட்டறையில்தான் வேலை செய்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்ட கதையை யார் மறுபடி கேட்பார்கள்? ரிகோபெர்த்தோ மட்டும் தட்டினான். அவனுக்குத்தான் ஜன்னல் வழியாக எதுவும் கேட்டிருக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருட உழைப்பு ஒரே வரியில் போய்விட்டது. நான் தோற்றாலும் பரவாயில்லை, டிக்னா ஜெயிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சமையல் புத்தகத்தை எடுத்தேன். அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்தேன். பாத்திரம் துலக்கும் முறை. குரலில் உயிரே இல்லாமல் ஆரம்பித்தேன்.

"கறி வறுத்த இரும்புச் சட்டியில் கொழுப்பு உறைந்திருக்கும்..."

கொழுப்பு என்ற சொல் என் நாக்கில் அப்படியே கரைந்தது. வாயில் எச்சில் ஊறியது. விழுங்கிக்கொண்டு மேலே போனேன்.

"சோறு வடித்த பானையின் அடியில் பொன்னிறமாக, மொறுமொறுப்பாகப் பிடித்திருக்கும் சோற்றைச் சுரண்டி..." இங்கே என் குரல் தழுதழுத்தது. அடுத்த வரியைப் பார்த்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை. "சுரண்டி... தூர எறியவும்!"

"எறியறதா!" என்று பட்டறையே அலறியது.

"எறியச் சொல்றாங்கய்யா!" என்று நானும் அலறினேன். "அடிச்சோத்தை எறியச் சொல்றாங்க! இவங்களுக்கெல்லாம் மனசாட்சி இருந்ததா?"

அதற்கப்புறம் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. தானாகப் பக்கத்தைத் திருப்பியது. முழுப் பன்றித் தொடை. நாரத்தைச் சாற்றில் ராத்திரி முழுக்க ஊறியது. பூண்டை நசுக்குகிற இடத்தில் என் குரல் கெஞ்சியது. தோல் சிவக்கிற இடத்தில் கிசுகிசுத்தது. கறுப்பு பீன்ஸ் கொதிக்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். என் நாவலில் மூன்று கொலை நடக்கிறது. அதில் ஒன்றைக்கூட நான் இவ்வளவு உருக்கமாக வாசித்ததில்லை. "பொறுமையாக, தாழ்ந்த தீயில், எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வரும்வரை..." என்று முடித்தபோது பட்டறையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பிறகு கத்திகள் தட்ட ஆரம்பித்தன. கூரை இடிந்து விழுகிற மாதிரி தட்டினார்கள். ரிகோபெர்த்தோவுக்கே கேட்டது. அவனும் தட்டினான். மூன்றாவது வரிசையில் டிக்னா தட்டவில்லை. இலையை நிதானமாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் மேடைக்குப் பின்னால் போய் குழாயைத் திறந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோதும் ஒரு முறை கத்திகள் தட்டி ஓய்ந்தன. எனக்குத்தான் பாராட்டு என்று நினைத்துத் தலையை ஆட்டி வைத்தேன்.

மதிய இடைவேளைக்கு டிக்னா முன்னாலேயே ஓடிவிட்டாள், நான் தள்ளாடிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன். மேஜையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன். பன்றிக்கறி. கறுப்பு பீன்ஸ். வெள்ளைச் சோறு. வறுத்த வாழைக்காய். ஒரு கூடை ரேஷன் ரொட்டி. அடுப்பில் கேஸ் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. ஒப்துலியா ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினாள்.

"கேஸ் தீந்துபோச்சுன்னே?"

"வந்துடுச்சு."

"ரொட்டி?"

"அதுவும் வந்துடுச்சு."

"ஒப்துலியா தம்பி?"

"அவன் மட்டும் வரலே. உக்காரு, சாப்பிடு."

"இதெல்லாம் நேத்தே சமைச்சதாடி?"

"பின்னே? வயிறு ரொம்ப அனுப்பினா நீ எப்படி வாசிப்பேன்னு எனக்குத் தெரியாதா? பாத்திரம் துலக்கற பக்கத்துல அடையாளம் வெச்சப்பவும் சத்தமாத்தானே சிரிச்சே?"

கோபப்படத்தான் நினைத்தேன். வாயில் கறி இருந்தது. நாலு கவளம் உள்ளே போன பிறகு பெருந்தன்மையும் வந்தது. "சரி, போனாப் போகட்டும். நாளைக்குக் காலையில ரொட்டியோட ரெண்டு முட்டையும் போடு. புஸ்தகம் பெரிசு, தெம்பு வேணும்."

"அது என் கையில இல்லய்யா" என்றாள் டிக்னா, எனக்கு இன்னொரு கரண்டி பீன்ஸ் ஊற்றிக்கொண்டே. "நீ தண்ணி குடிக்கப் போனப்ப பட்டறையில ஓட்டு எடுத்தாங்க. புஸ்தகம் முடியற வரைக்கும் வாசிப்பாளருக்குக் காலைச் சாப்பாடு கிடையாது."

ஒரு கத்தி கூடத் தரையில் விழவில்லையாம்.