இந்த வீடு விற்பனைக்கு

"ஓ.டி.பி. வந்துச்சா சார்?" என்று மறுபடியும் கேட்டாள் வெனிலா.

வரவில்லை, வர வழியும் இல்லை. ஞானராஜ் தம் கைபேசியை விழுப்புரத்தில், தம்முடைய மருந்துக் கடையிலேயே சார்ஜில் விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு ரயிலேறியிருந்தார். கணினி மையத்தில் பட்டா பார்க்க அவள் எண் கேட்டபோது, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைச் சொல்லிவிட்டார். அது அவருடைய அக்கா லூர்துமேரியின் எண்.

வெனிலாவின் கைபேசியை இரவல் வாங்கி அக்காவை அழைத்தார்.

"அக்கா, ஒரு நம்பர் வந்திருக்கும். அதைப் படி."

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்குதேப்பா."

"நான் ஞானராஜ் பேசறேன்கா."

"அதை நான் எப்டி நம்பறது? இது உன் நம்பரே இல்லியே."

"மாதா சுரூபத்தை நீ உடைச்சுட்டு, நான் உடைச்சேன்னு அப்பாகிட்ட அடி வாங்க வெச்சியே, ஞாபகம் இருக்கா?"

அடையாளச் சான்று ஏற்கப்பட்டது. எண்ணையும் அதன் கீழே 'பட்டா' என்றிருந்ததையும் படித்த பிறகுதான் அக்காவுக்குச் சந்தேகம் பிறந்தது.

"அது சரி, திண்டிவனத்துல யாரு பட்டாவைப் பாக்கற நீ?"

"ஒரு வீடு வாங்கலாமான்னு..." என்றார் ஞானராஜ். ஐம்பத்திரண்டு வயதில் அவர் அக்காவிடம் சொன்ன முதல் பொய் அது. பழக்கமின்மை குரலில் தெரிந்தது.

உண்மையைச் சொல்லியிருக்க முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். காலை பாசஞ்சரில் எதிர் இருக்கையில் ஜெசிந்தா வருவாள். விழுப்புரத்து மருத்துவமனையில் இரவுப் பணி முடித்த நர்ஸ். வண்டி நகர்வதற்குள் தூங்கிவிடுவாள். திண்டிவனம் நெருங்கும்போது, "ஸ்டேஷன் வந்துடுச்சுங்க" என்று எழுப்புவது ஞானராஜின் பொறுப்பாயிற்று. யாரும் ஒப்படைத்த பொறுப்பன்று. இரண்டு ஆண்டுகளில் அவர் அவளிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். அடுத்த வாக்கியத்தை அவர் தயாரித்து முடிப்பதற்குள் அவளுக்கு நாக்பூரில் வேலை கிடைத்துவிட்டது.

சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்னார்கள்: "செபஸ்தியான் மவ ஜெசிந்தா வந்துட்டுது. அப்பா எழுதி வெச்ச வீட்லதான் இருக்குது." யாருடன் இருக்கிறாள் என்று ஞானராஜ் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் கோயில் பங்கு முழுவதும் அவருக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கும். பட்டா அப்படியன்று. பார்ப்பவரை அது எதுவும் கேட்பதில்லை. ஒரு பெண் இன்னாரின் மகளா, இன்னாரின் மனைவியா என்பதை மட்டும் சொல்லிவிடும்.

திரையில் எழுத்துகள் தோன்றின. 'செபஸ்தியான் மகள் ஜெசிந்தா.'

ஞானராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மகள்னே போட்டிருக்கும்மா!"

"அது அவங்க அப்பா எழுதி வெச்சப்ப போட்டது சார்," என்றாள் வெனிலா, அச்சுப்பொறியைத் தட்டியபடி. "அப்போ மகள்தானே? அப்பறம் கல்யாணம் ஆயி, பேரன் பேத்தி எடுத்தாலும் இவங்களா வந்து மாத்துற வரைக்கும் பட்டா அப்டியேதான் கெடக்கும்."

ஞானராஜ் பழையபடி சாய்ந்து உட்கார்ந்தார்.

கோலியனூர் சாலையில் இருக்கும் தம் வீட்டுக்குத் திரும்பியபோது, கூடத்தில் அக்காவுடன் ஆண்டோ உட்கார்ந்திருந்தான். தூரத்து உறவில் மருமகன். தொழில், வீட்டுத் தரகு.

"இன்னா மாமா, வீட்டுலயே புரோக்கரை வெச்சிக்கினு வெளிய போய்த் தேடறீங்களே! பெரியம்மா சொல்லிச்சு. எந்தத் தெரு? நான் முடிச்சுத் தர்றேன்."

"சும்மா பாத்தேன்பா."

"சும்மா யாரு மாமா பட்டா பாப்பாங்க?"

அக்காவின் கவலை வேறு. "நீ அங்க வீடு வாங்கிட்டா இந்த வீட்டை வித்துடுவியா? அதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இன்னிக்கு மத்தியானம் ஒரு பொம்பளை வந்துட்டா."

"எந்தப் பொம்பளை?"

"யாரு கண்டா? குடையும் கறுப்புக் கண்ணாடியுமா வந்தா. கையில நம்ம வீட்டுப் பட்டா ஜெராக்ஸு! 'இது ஞானராஜ் சார் வீடுங்களா, யாரெல்லாம் இருக்கீங்க'ன்னு நோண்டி நோண்டிக் கேக்கறா."

"பொம்பளையை அனுப்பித்தான் மாமா வேவு பாப்பாங்க," என்றான் ஆண்டோ. "தனியாளுன்னு தெரிஞ்சா போலிப் பத்திரம் போட்டுடுவானுங்க."

"அதான் நான் ஏமாறலையே," என்றாள் அக்கா. "என் தம்பி பொண்டாட்டியும் ரெண்டு ஆம்பளைப் புள்ளைங்களுமா இருக்கான், மூத்தவன் போலீசுல இருக்கான்னு சொன்னேன். முகம் செத்துப்போச்சு அவளுக்கு. திரும்பிப் பாக்காம போயிட்டா."

"நல்ல காரியம் பண்ணுனக்கா," என்றார் ஞானராஜ் மனதார.

அக்காவைத் தேற்றுவதற்காக, மறுநாள் மதில்மேல் 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல' என்று ஆண்டோவையே எழுதச் சொன்னார். அவன் தொழில் பழக்கத்தில் அடியில் மாமாவின் கைபேசி எண்ணையும் எழுதிவிட்டான். அன்று முதல் மருந்துக் கடையில் இருமல் மருந்து எடுத்துக்கொடுக்கவும் அவருக்கு நேரமில்லை.

"சார், அந்த கோலியனூர் ரோடு வீடு, இன்னா வெலை?"

"விற்பனைக்கு அல்லன்னு எழுதியிருக்கே."

"அது பாத்தேன் சார். கடைசி வெலை சொல்லுங்க."

எதிர் வீட்டுக்காரர் வந்து, வழக்கு எந்தக் கோர்ட்டில் நடக்கிறது என்று அனுதாபத்துடன் விசாரித்துப் போனார்.

இதற்கிடையில் ஆண்டோ, கணினி மையத்தில் அச்சடித்த தாளை அவருடைய சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, திண்டிவனத்துக்கே போய் வந்தான்.

"மாமா, உங்களுக்கு யோகம்தான்! நீங்க பாத்த வீடு வெலைக்கு வருது. செவுத்துலயே எழுதிப் போட்டிருக்காங்க. அந்தம்மா ஊரை வுட்டே போவப் போவுதாம்."

ஞானராஜ் அன்று சாப்பிடவில்லை. வந்த ஒரு மாதத்தில் வீட்டை விற்கிறாள் என்றால், கணவன் நாக்பூரில் காத்திருக்கிறான் என்பதன்றி வேறு பொருளில்லை. எனினும் போகுமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வீடு வாங்க வந்தவன் என்ற தகுதி இப்போது இருக்கிறது. தரகனே ஏற்படுத்திக்கொடுத்த தகுதி.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் பாசஞ்சர் ஏறினார். திண்டிவனம் நெருங்கியபோது, எதிர் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரைத் தட்டி, "ஸ்டேஷன் வந்துடுச்சுங்க" என்றார். அந்த மனிதர் தாம்பரம் போக வேண்டியவர். திட்டினார்.

ஜெசிந்தாவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மதில் முன்னால் ஸ்டூல் போட்டு, சுவர் விளம்பரம் எழுதும் சின்னக்கண்ணு நீல வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தார். 'இந்த வீடு விற்பனைக்கு' என்று ஏற்கெனவே எழுதிக் காய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் 'அல்ல' என்று இப்போது சேர்த்தார்.

"விக்கலையாங்க?" என்றார் ஞானராஜ்.

"பூசை முடிஞ்சு அந்தம்மா வந்துடும், அதுங்கிட்டயே கேட்டுக்கங்க. உடையவங்க பேரும் போடச் சொல்லியிருக்குது."

இரண்டாம் வரி தொடங்கியது. 'உரிமையாளர்: ஜெசிந்தா,' என்று எழுதிவிட்டுத் தூரிகையைத் துடைத்தார் சின்னக்கண்ணு. பீடி பற்ற வைத்தார். அடுத்து வர வேண்டியது 'க/பெ'யாகவும் இருக்கலாம், 'த/பெ'யாகவும் இருக்கலாம். கணவனா, தகப்பனா? பீடி முடியும்வரை ஞானராஜ் சுவரையே பார்த்து நின்றார்.

தூரிகை சுவரைத் தொட்டது. 'த'.

'த/பெ செபஸ்தியான்.'

இது பழைய பதிவன்று. இன்றைய தேதியில், ஈரம் காயாத எழுத்து. ஞானராஜுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஊரைவிட்டுப் போகவில்லை, கணவனும் இல்லை. முப்பது ஆண்டுகளாகத் தயாரித்த அந்த இரண்டாம் வாக்கியத்தை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, ஏதோ கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டார்:

"விக்கறதா இருந்தவங்க, ஏன் மனசு மாறினாங்களாம்?"

சின்னக்கண்ணு ஸ்டூலிலிருந்து இறங்கி, எழுத்து நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"அது ஒரு பேஜாரு சார். இதை வித்துட்டு விழுப்புரத்துல ஒருத்தரு வீட்டாண்ட போய்க் குடியிருக்கலாம்னு நெனச்சிருக்குது. ஆம்பளைங்க பட்டாவுல கல்யாணம் ஆனது எங்க தெரியுது? நேர்லயே பாத்துடலாம்னு குடையை எடுத்துக்கினு போனா, அந்தாளோட அக்காக்காரி வாசல்லயே நின்னுக்கினு, பொண்டாட்டி இருக்கா, மூத்த புள்ள போலீசுல இருக்கான்னு வெரட்டி வுட்டுட்டாளாம்!"