அப்பாவின் இழைப்புளி

பழைய இரும்பை வீட்டுக்குள் கொண்டுவருவது ஒரு கலை. அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று போன ஞாயிறு காலை வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பழைய கைக்கருவிகள் என்றால் எனக்கு உயிர். பிடி தேய்ந்த உளி, பல் போன ரம்பம், எதைக் கண்டாலும் விடமாட்டேன். என் மனைவிக்கு அதெல்லாம் வெறும் துரு. பின்பக்கத்துச் சின்ன அறையைத் தன் தையல் மெஷினுக்கு ஒதுக்கச் சொல்லி அவள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானோ அதை என் சேகரிப்புக்கென்று மனதுக்குள் பட்டா போட்டுவிட்டேன்.

வழி காட்டியதே அவள்தான். எங்கள் அலமாரியில் பாடாத ரேடியோ ஒன்று இருக்கிறது. தூக்கிப் போடலாமே என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அது எங்க அப்பா ஞாபகம்ங்க" என்றாள். ரேடியோவை முந்தானையால் துடைத்துவிட்டாள். ஞாபகத்தை வெளியே போடக் கூடாது என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்.

சட்டத்தில் சந்து கண்டுபிடிப்பதில் நான் கில்லாடி. மறுவாரமே பழைய சாமான் கடையிலிருந்து ஓர் இழைப்புளியோடு வந்தேன். மரத்தை வழவழவென்று சீவுகிற கருவி, கைக்குழந்தை கனம். வாசலிலேயே மறித்தாள்.

"இது என்ன புதுசா?"

"எங்க அப்பாவோடது. சித்தப்பா வீட்டுப் பரண்ல கிடந்தது."

"மாமாவோடதா?" என்றவள் வழிவிட்டாள். கண்ணில் லேசாக ஈரம் வேறு. எனக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இழைப்புளி அவ்வளவு அழகு.

அப்புறம் கேட்பானேன். குறடு வந்தது, அப்பா தன் முதல் சைக்கிளைப் பழுதுபார்த்தது. சுத்தியல் வந்தது, எனக்கு நடைவண்டி செய்தது. நான் விட்ட கதையில் நானே உருகிப்போனேன். உண்மையில் என் அப்பா ஆபீசில் கணக்கெழுதியவர். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கவும் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார். அறை நிரம்பியது. தையல் மெஷின் சமையலறை மூலையிலேயே கிடந்தது.

ஞாயிறு காலை என் அண்ணன் வேனோடு வந்து நின்றார். என்னுடைய அதே பைத்தியம் அவருக்கும் உண்டு. வரச் சொன்னது என் மனைவி.

"மாமா ஞாபகம் மொத்தத்தையும் நாமளே வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கு? மூத்தவரு அவருதானே" என்றாள்.

திருடனுக்குத் தேள் கொட்டின நிலைமை. உண்மையைச் சொன்னால் எல்லாம் குப்பைக்கு. சொல்லாவிட்டால் அண்ணனுக்கு. அப்பா ஆணி அடித்த லட்சணம் அவருக்குத் தெரியாதா என்று ஆவலோடு அவர் முகத்தைப் பார்த்தேன்.

அண்ணன் இழைப்புளியைத் தடவிக்கொடுத்தார். "தம்பி, இதை வச்சுத்தான்டா அப்பா எனக்குக் கட்டில் செஞ்சாரு" என்று ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்காத கண் என்னைப் பார்த்துச் சிமிட்டியது.

வேன் போனது. அறைக்குள் தையல் மெஷின் போனது. பக்கத்தில் ரேடியோவும் இடம் பிடித்தது. அவள் உதட்டோரச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

"அப்பாவோடது இல்லேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. உங்க வீட்டுக்கு ஆணி அடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் எங்க அப்பாதானே. சிரிப்பை அடக்கி அடக்கி அன்னைக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "சொல்லியிருந்தா நீங்க வேற கதையோட கொண்டுவருவீங்க. அப்புறம் அவ்வளவு கனத்தையும் யாருங்க வந்து தூக்கிட்டுப் போறது?"