ஈக்குக் கிளறிய சொஜ்ஜி

ஈ வளர்ப்பதற்கு எனக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தார்கள் என்று சொன்னால் செஞ்சியில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். அழுகின வாழைப்பழத்தைச் சுற்றுமே எள்ளளவு ஈ, அதுதான் என் படிப்பு. புழுவுக்குள் இறக்கை வளரும்போது எந்தச் செல்லுக்கும் தான் யாரென்று தெரியாது. பக்கத்துச் செல் சேதி சொல்லும்: நீ இறக்கை, நீ கால், இதுவரைக்கும் வளரு, இத்தோடு நிறுத்து. சேதி கோணலாகப் போனால் தலையில் மீசை இருக்கவேண்டிய இடத்தில் கால் முளைத்துவிடும். (உணர்கொம்பு என்று எழுதினால்தான் மார்க்கு. எனக்கு மீசைதான்.) என் ஈக்களுக்கு அவ்வளவு மோசமில்லை. சேதி பாதியில் நின்றுபோய், இறக்கையின் ஓரம் எலி கடித்த மாதிரி இருக்கும்.

இதை நான் ஆசை ஆசையாக எல்லாரிடமும் விளக்கியதில் இரண்டு மாப்பிள்ளை வீடுகள் கைநழுவிப் போயின. இரண்டாவது வீட்டம்மா, பொண்ணுக்கு எதாச்சும் தோஷமா என்று தரகரிடமே கேட்டுவிட்டார். நைனா பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர். மகள் பூச்சி வளர்க்கிறாள் என்பது கடைக்கே இழுக்கு என்று நினைத்தார்.

மூன்றாவது இடம் திண்டிவனம். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். கல்யாணத்துக்குப் பிறகும் பொண்ணு படிக்கட்டும் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு இன்னும் ஒரு வருஷ வேலை பாக்கி. இப்படி ஒரு வரன் இன்னொரு தடவை வராது என்று எனக்கே தெரிந்திருந்தது. நைனா முந்தின நாளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தோ பாரு, நாளைக்கு ஈன்னு வாயத் தொறக்காத. இதுவும் போச்சுன்னா மெட்ராஸு கெடையாது. வூட்லயே இரு."

நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். ஆனால் ஈக்கள் வீட்டிலேயே இருந்தன. லீவுக்கு ஆய்வகத்தை மூடியதால் ஆளுக்குக் கொஞ்சம் பாட்டிலைப் பங்குபோட்டு ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். அதுகளுக்குத் தீனி மாற்றியாக வேண்டும். ரவை, வெல்லம், கெட்டியாவதற்குக் கடல்பாசி, கொஞ்சம் ஈஸ்ட், பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு சொட்டு அமிலம். (ரொட்டியில் போடுகிற சரக்குதான், பயப்படாதீர்கள்.) காலையில் அம்மாவின் அடுப்பிலேயே கிளறினேன். கழுவின பாட்டில்கள் மாடியில் காய்ந்துகொண்டிருந்ததால், தாம்பாளத்தில் ஊற்றி ஆறவைத்தேன். பிறகு துண்டு போட்டுப் பாட்டிலுக்குள் தள்ளிக்கொள்ளலாம் என்று என் மகா புத்தி சொன்னது. அம்மாவிடம் மட்டும், அது ஈயோடது, தொடாதே என்று சொல்லிவிட்டுப் புடவை கட்டப் போனேன்.

அன்றைக்கு அமாவாசை. மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று பயந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார்கள். அம்மா சொஜ்ஜிக்கு ரவையைக்கூட வறுக்கவில்லை. அலறி அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அதே நேரம் கொல்லைப்பக்கமாக உள்ளே வந்த என் அத்தைக்கு யாரும் எந்தச் சேதியும் சொல்லவில்லை. அத்தை பார்த்தாள். பெண் பார்க்கும் வீடு, அடுப்படி, தாம்பாளத்தில் ரவையும் வெல்லமும். அது வேறு என்னவாக இருக்க முடியும்? டைமண்டு டைமண்டாகத் துண்டு போட்டு, தலைக்கொரு முந்திரி வைத்து, வாடை என்னவோ மாதிரி இருக்கிறதே என்று ஏலக்காயைத் தூவி, தட்டை என் கையில் கொடுத்துத் தள்ளிவிட்டாள்.

கூடத்துக்கு நடுவில் வந்தபிறகுதான் ஏலக்காயைத் தாண்டி அந்த அமில வாடை மூக்கில் ஏறியது. குனிந்து பார்த்தேன். முந்திரி வைத்த ஈத்தீனி. சொன்னால் ஈ என்று வாயைத் திறக்க வேண்டும். சொல்லாவிட்டால் சாப்பிட்டுவிடுவார்கள். நான் சொல்லவில்லை. வெட்கம்கெட்டவள், ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து நீட்டினேன்.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, நெய் திகட்டாமல் லேசாக இருப்பதாகப் புகழ்ந்தார். நெய் இருந்தால்தானே திகட்டும். நைனாவும் பெருமையாக ஒன்றை வாயில் போட்டார். மாப்பிள்ளை மட்டும் நிதானமாகச் சாப்பிட்டபடி, என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். செல்கள் என்றேன். எதனுடைய செல்கள் என்றார். ஒரு சின்ன உயிரினம் என்றேன். நைனா இருமினார்.

"ஆய்வகத்துல அதுக்கு இன்னா தீனி போடுவீங்க?" என்றார் வாத்தியார். பாவம், அக்கறையாகத்தான் கேட்டார்.

எனக்குப் பொய் சொல்லத் தெரியும். அன்றைக்கு மட்டும் வரவில்லை. அவர் கையிலிருந்த பாதித் துண்டைக் காட்டினேன்.

"இதான். ஈயோடது. மாறிப்போச்சு."

கூடத்தில் மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே நின்றது. நைனா கண்ணை மூடிக்கொண்டார். மெட்ராஸ் போயே போச்சு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மாப்பிள்ளை துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதத் தின்னுட்டு அது நல்லாத்தான இருக்குது?"

"நல்லா இருக்குது," என்றேன். விஞ்ஞானி அல்லவா, அத்தோடு நிறுத்தத் தெரியவில்லை. "ஆனா ரெண்டு மாசந்தான் உயிரோட இருக்கும்."

அவருடைய அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார். அவரோ ஒரு நிமிஷம் யோசித்து, மீதித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டு, ஈ வயசும் மனுஷ வயசும் ஒரே கணக்கில் வராது என்று அம்மாவுக்குச் சமாதானம் சொன்னார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போனது, மறைப்பானேன். சாயங்காலம் தாம்பாளத்தில் மிஞ்சிய நாலு துண்டையும் முந்திரியைப் பிடுங்கிவிட்டு ஈக்குப் போட்டேன்.

திண்டிவனத்திலிருந்து பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. பதினோராம் நாள் சம்மதம் என்று தரகர் வந்தார். ஈப்பாட்டில்களோடு என்னை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டது நைனாதான். பெண் பார்த்து சரியாக இரண்டு மாதம் ஆன அன்று என் ஹாஸ்டலுக்கு ஒரு கார்டு வந்தது. வார்டன் படித்துவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பதறிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரே வரி.

"இன்னும் உயிரோட இருக்கேன்."

முப்பத்தைந்து வருஷமாகக் கல்யாண நாள் காலையில் கண் விழித்ததும் அவர் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். அப்புறம்தான் காபி.