பாண் ஓட்டோவும் பன்னாட்டு முதலாளியும்

துறைமுகத்தடி,
திருகோணமலை.

பெருமதிப்புக்குரிய மச்சான் றுமைஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கை ரபீக்காவும் நலம். கத்தார் வெயிலில் தண்ணீர் பவுசர் ஓட்டும் உங்கள் நலத்திற்கும் துஆச் செய்கிறோம். நீங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை என்றபடியால் இதை அங்கு வரும் றிகாஸின் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நான் ஓட்டும் உங்கள் பாண் ஓட்டோவில் சிவப்புக் கொடி பறக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, வண்டியை விற்கப் போவதாக ரபீக்காவிடம் சொன்னீர்களாம். மச்சான், எனக்கும் எந்தக் கட்சிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நடந்ததைக் கேளுங்கள். நாடு வங்குரோத்தான நாளிலிருந்து பேக்கரியில் எடுக்கும் பாணில் பாதிதான் விலைப்படுகிறது. மிச்சத்தைத் தின்று தின்று கோட்டையடியில் திரியும் மான்கள் கொழுத்துப் போச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் தோழர் ஞானசேகரம் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், தொழிலாளர் கட்சிக்காரர். பிரச்சாரத்துக்கு ஸ்பீக்கர் பூட்டின வண்டி வாடகைக்கு வேணுமாம். மனிசன் எத்தனையோ தேர்தலில வோட்டுக் கேட்டவர், கூட்டத்துக்கு ஒரு குருவிகூட வந்ததில்லை. பாவமெண்டு ஓமெண்டன். ஆனா உங்கட வண்டியில மைக்கைப் போட்டால் பாண் வந்திருக்கெண்டு சனத்தைக் கூப்பிடுற பாட்டும் சேர்ந்துதான் பாடும், அது உங்களுக்கே தெரியும். பாட்டைக் கேட்டதும் தெருவே பையோட ஓடி வந்தது. தோழருக்குக் கண் கலங்கிட்டுது. "உங்களுக்கு என்ன வேணும், தோழர்களே?" எண்டார். "பாண்!" எண்டு சனம் கத்தினது. "அதை வாங்க ஏன் ஏலாமக் கிடக்கு?" "விலை!" எண்டு முன்வீட்டுச் சீலா சத்தம் போட்டா. தோழர் மெதுவாத் திரும்பி என்னைப் பார்த்தார்.

தான் வாடகைக்குப் பிடிச்ச வண்டி எண்டதையே மறந்து, வண்டியை மறிச்சு முன் சில்லுக்கு முன்னால குந்திட்டார். என்ட மைக்கில, என்ட பெட்டரியில, எனக்கே எதிர்ப்புக் கோஷம்! "நான் வெறும் ட்ரைவர், முதலாளி றுமைஸ் மச்சான் கத்தாரில" எண்டு உண்மையைச் சொன்னன். அதுதான் பிழைச்சுப் போச்சு. "பன்னாட்டு முதலாளி றுமைஸ் ஒழிக!" எண்டு தெரு அதிர்ந்தது. வீடியோவில நீங்க கேட்டது அதைத்தான்.

வேற வழியில்லாமல் விலையைக் கொஞ்சம் இறக்கினன். யா அல்லாஹ், பெட்டி வழிச்சுத் துடைச்ச மாதிரி! தோழர் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார். "தம்பி, என்ட சீவியத்தில நான் வெண்ட முதல் போராட்டம் இது" எண்டார். எனக்கும் சந்தோசத்தில அழுகை வந்திட்டுது. அந்த நாளில இருந்து பின்னேரம் பின்னேரம் ஒவ்வொரு தெருவில மறியல். நான் விலையில கொஞ்சம் முறுகுவன், பிறகு இறங்குவன். ஒரு பணிஸ்கூட மிஞ்சுறதில்ல. மான்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புதுகள். இது வியாபாரம் மச்சான், அரசியல் இல்ல. வண்டி போனால் எங்கட அடுப்பும் அணைஞ்சிடும். ஆகவே விற்கும் எண்ணத்தைக் கைவிடும்படி தாழ்மையாக வேண்டுகிறேன்.

பெருநாளைக்கு உங்களை ஊரில் காணும் பாக்கியத்தை அல்லாஹ் தருவானாக. உங்கள் உழைப்பில் பரக்கத் பெருகட்டும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
எக்கட்சியையும் சாராத உங்கள் மச்சான்
அபூதாஹிர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போக, தோழர் வந்திட்டார். வேட்பாளர் பட்டியலில ஓராள் குறையுதாம். "திருந்திய முதலாளி" எண்டு என்ட பேரைப் போட்டாச்சு. நோட்டீஸில உங்கட ஓட்டோவின்ட படமும் இருக்கு. வண்டி வாங்க ஆரும் வந்தால் வரட்டும். முன் சில்லுக்கு முன்னால தோழர் பாய் விரிச்சிட்டார். பக்கத்தில இருந்து அவருக்குக் கோஷம் எடுத்துக் குடுக்கிறது உங்கட தங்கச்சி.