ஆயாவுக்கு வந்த பதவி உயர்வு

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்து குருவிகளெல்லாம் இடம் மாறிப் போன பிறகு, மரகதவல்லி என்றொரு முயல் இருந்தது. ஆற்றுக்கு அந்தக் கரையில் அதற்கு ஆபீஸ் வேலை. வளையிலோ ஆறு குட்டிகள். "குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா தேவை" என்று காட்டின் வாட்ஸ்அப் குழுவில் போட்டது.

வந்து நின்றது ஒரு நரி. பெயர் செங்கமலம்.

முயல் இரண்டடி பின்னால் போனது. ஆனால் மறுநாள் காலையில் மீட்டிங். நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டது. தினம் ஒரு கூடை நண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு என்று பேசி முடித்தார்கள்.

நரியின் கணக்கே வேறு. குட்டிகள் கொஞ்சம் சதை பிடிக்கட்டும். அப்புறம் லீவுக்கு லீவு ஒன்றைக் கவ்விக்கொண்டு போய், குகையில் ஆற அமரச் சாப்பிடலாம்.

"ஆயா, மூக்கு ஒழுகுது."

"ஆயா, இவன் என் காதைக் கடிச்சுட்டான்."

துடைத்தது, விலக்கியது, தாலாட்டியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொழுத்த குட்டியாக ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து முயல் வந்தது.

"செங்கமலம், இனிமே யாரும் உங்களை ஆயான்னு கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கேக்கவே நல்லால்ல. இனி நீங்க செவிலித்தாய்."

நரியின் வால் தானாக நிமிர்ந்தது. "ரொம்ப சந்தோஷம்மா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை..."

"தாய்க்கு ஏதுங்க லீவு?"

செவிலித்தாய் என்றால் லேசா? பழைய பாட்டுகளில் தலைவியை வளர்ப்பவள் அவள்தான். பாவம், அவளுக்கும் யாரும் லீவு கொடுத்ததாக நான் படித்த வரையில் இல்லை.

கொஞ்ச நாளில் கூடையில் நண்டு குறைந்தது. பிறகு கூடையே வரவில்லை. நரி தலையைச் சொறிந்துகொண்டு கேட்டது.

"என்னங்க இப்படிப் பிரிச்சுப் பேசுறீங்க?" முயலின் கண் கலங்கிவிட்டது. "நாங்க உங்களை வேலைக்காரியாவா நினைக்கிறோம்? நீங்க எங்க வீட்டு ஆள் மாதிரி. வீட்டு ஆளுக்கு யாராவது கூலி குடுப்பாங்களா?"

அன்று முதல் வீட்டில் என்ன சமையலோ அதுதான் நரிக்கும். கேரட் கடிக்கும் நரியை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

பசி காதை அடைத்தது. லீவாவது ஒன்றாவது, இங்கேயே முடித்துவிடலாம் என்று நரி தீர்மானித்தது. கடைக்குட்டியைத் தூக்கி வாயைத் திறந்தது. குட்டி தூக்கக் கலக்கத்தில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா" என்றது.

வாயில் ஊறியது கண் வழியாக வந்தது. நரி குட்டியைப் படுக்க வைத்துத் தட்டிக்கொடுத்தது.

வாசலுக்கு வந்த முயல் அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டது. "அம்மான்னே கூப்பிட்டுட்டானா? அப்ப எனக்கென்ன கவலை?" என்று மலைக்கு அப்பால் உள்ள கிளை ஆபீசுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, விடிந்ததும் பெட்டியோடு கிளம்பிப் போனது.

நரி சிங்கத்திடம் ஓடி முறையிட்டது. லீவு போன கதை, நண்டு போன கதை, முயலே போன கதை எல்லாம் சொல்லி அழுதது.

சிங்கம் பிடரியைக் கோதியபடி கேட்டது: "குட்டிங்க உன்னை என்னன்னு கூப்பிடுதுங்க?"

"அம்மான்னு, ராஜா."

"அப்ப இது குடும்ப விவகாரம். ராஜாங்கம் தலையிடாது." பிறகு குரலைத் தாழ்த்தியது. "நம்ம குகையிலயும் ரெண்டு வாலுங்க இருக்கு. நீயும் எனக்கு அக்கா மாதிரிதானே..."

மீதியை நரி கேட்கவில்லை. எடுத்த ஓட்டம் முயல் வளைக்குள் வந்துதான் நின்றது. ஆறு குட்டிகளும் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, பசிக்குது" என்றன. நரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரட்டை நறுக்க உட்கார்ந்தது.

நீதி: வேலைக்குப் போன இடத்தில் "ஏய்" என்று கூப்பிட்டால் இருந்து கூலி வாங்குங்கள், "எங்க வீட்டு ஆள் மாதிரி" என்றால் அப்போதே செருப்பைத் தேடுங்கள்.